மச்சானுக்கு, பவர் ஹவுஸ் ஸ்டாப்பிலிருந்து

அன்பு மச்சானுக்கு,

இங்கு நலம். உன் நலமும் தங்கச்சி நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தின் கடைசியில், "பூந்தமல்லி பக்கம் பெரிய பிலிம் சிட்டி வருதாமே, நமக்கு எதுவும் வேலை இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாய். ரெண்டு முட்டியும் தேய்ந்துபோன லைட்மேனுக்கு மறுபடி லைட் கட்டுகிற பலகை மேலே ஏற ஆசை! படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

வருவது நிஜம்தான். 2024 ஜனவரியில் கலைஞர் நூற்றாண்டு விழா மேடையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 500 கோடி ரூபாய் திட்டம். எல்.இ.டி. வால், வி.எஃப்.எக்ஸ்., அனிமேஷன், ஐந்து நட்சத்திர ஓட்டல் எல்லாம் அதில் உண்டு. லைட்மேன் ராத்திரி பேக்-அப் ஆனதும் எப்படி வீடு திரும்புவான் என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை. நான் கேட்டிருப்பேன், ஆனால் என்னை யார் மேடைக்குக் கூப்பிட்டார்கள்?

உனக்கு நினைவிருக்கும், நாம் வாகினி ஸ்டுடியோவில் சேர்ந்த காலத்தில் பஸ்ஸே தேவைப்படவில்லை. சாலிகிராமத்தில் ஒற்றை அறை வாடகை, வடபழனிக்குப் பொடிநடை. கால்ஷீட் ஏழு மணி என்றால் ஆறரைக்கு டீக்கடை. ஒரு புளோரில், அதாவது ஷூட்டிங் கூடத்தில், வேலை ரத்து என்றால் பக்கத்து கேட்டில் போய் நிற்போம். ஏவி.எம்., பிரசாத், பரணி, எல்லாமே கூப்பிடு தூரம். கார்பென்டர், பெயின்டர், மோல்டிங் ஆள், விக் கட்டுகிறவர், வாடகைக்கு நகை தருகிறவர் எல்லாரும் நாலு தெருவுக்குள் குடியிருந்தார்கள். ஸ்டுடியோ என்றால் காம்பவுண்டுக்குள் இருந்த கட்டடம் மட்டுமில்லை மச்சான், அந்த நாலு தெருவும் சேர்த்துத்தான்.

காரைக்குடிக்காரனான உன்னிடமே இதை நான் சொல்ல வேண்டுமா? யுத்த காலத்தில் மெட்ராஸில் கரன்ட் பஞ்சம் என்று ஏவி.எம். முதலாளி மெய்யப்பச் செட்டியார் மொத்தக் கம்பெனியையும் காரைக்குடிக்குக் கொண்டுபோனார். ஒரு நாடகக் கொட்டகையை வைத்துக்கொண்டுதான் ஆரம்பம். 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். ஆட்களையும் கூடவே குடிவைத்ததால்தான் கொட்டகையில் படம் எடுக்க முடிந்தது. 1948இல் கோடம்பாக்கம் வந்து சேர்ந்தார்கள், அப்புறம்தான் ஏவி.எம். நாம் பார்த்த ஏவி.எம். ஆனது.

போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு விஜயா மாலுக்குப் போனேன். நம் வாகினி இருந்த இடம்தான், ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய வளாகம். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் மால். நம் புளோர் எங்கே இருந்திருக்கும் என்று எஸ்கலேட்டரில் நின்றபடி கணக்குப் போட்டேன். கணக்கு செருப்புக்கடைக்கும் பாப்கார்ன் கடைக்கும் நடுவில் வந்து நின்றது. "இங்கேதான் தாத்தா அரண்மனை கட்டினேன்" என்றேன். "அதை ஏன் தாத்தா இடிச்சாங்க?" என்று கேட்டாள். அரண்மனையை ஒவ்வொரு தடவையும் நாங்களே பத்து நாளில் பிரித்துவிடுவோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது!

ஜெமினி ஸ்டுடியோ கதை நம் காலத்துக்கு முன்னாலேயே முடிந்த கதை. 'சந்திரலேகா'வுக்கு முரசு கட்டின இடத்தில் இன்றைக்கு ஓட்டல் நிற்கிறது. மேம்பாலத்துக்கு மட்டும் ஜனங்கள் வாயில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேமரா லேசாகி, பிலிமுக்கு வெளிச்சம் குறைவாகப் போதும் என்று ஆகி, வசனத்தை அப்புறம் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஆனபிறகு, டைரக்டர்கள் நிஜக் கிராமத்துக்கே போய்விட்டார்கள். 1977இல் '16 வயதினிலே' வந்தபிறகு பிளைவுட் குடிசைக்கு யார் வாடகை கொடுப்பார்கள்? புளோர் காலி, நிலத்துக்கோ தங்க விலை. நடுவில் சீரியல்காரர்கள் வந்து கொஞ்ச வருஷம் காப்பாற்றினார்கள். பிறகு அவர்களும் போரூர், வளசரவாக்கம் பங்களாக்களுக்கு மாறிவிட்டார்கள். அப்படி ஒரு சீரியல் கம்பெனி எனக்கு நாற்பது நாள் பேட்டா, அதாவது தினப்படி, பாக்கி வைத்தது உனக்குத் தெரியும். அது இன்னும் வரவில்லை.

அரசாங்கம் பிலிம் சிட்டி கட்டுவதும் முதல் தடவை இல்லை. 1994இல் தரமணியில் ஜெ.ஜெ. பிலிம் சிட்டி வந்தது, 1996இல் எம்.ஜி.ஆர். பிலிம் சிட்டி என்று பெயர் மாறியது. நாமும் போய் வேலை பார்த்தோம். செட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆனால் எல்லாரும் வடபழனி பஸ்ஸைத்தான் தேடினோம். ஒரு ஆணி குறைந்தால்கூட ஆளைக் கோடம்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வட்டாரத்தில் 2000இல் டைடல் பார்க் வந்தது, தரமணி கம்ப்யூட்டர்காரர்களின் ஊர் ஆகிவிட்டது. அதே 1996இல் ஹைதராபாத்தில் ராமோஜி ராவ் 1,666 ஏக்கரில் ஒரு ஊரையே கட்டினார். தங்க இடம், சாப்பாடு, தச்சுப்பட்டறை எல்லாம் உள்ளேயே. அதனால்தான் நம் தமிழ்ப் படத்துக்கே நாம் மாசக்கணக்கில் அங்கே போய்ப் படுத்துக்கிடந்தோம்.

இந்தத் தடவை ஒரு வித்தியாசம் உண்டு. கோடம்பாக்கம் பவர் ஹவுஸிலிருந்து ஆற்காடு சாலை நெடுக மெட்ரோ தூண் நட்டிருக்கிறார்கள். வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் வழியாகப் போய் அந்தப் பாதை பூந்தமல்லியில் முடிகிறது. சினிமா குடிபெயர்ந்த அதே வழி! பாதை போட்டவர்களுக்கு இது தோன்றியிருக்காது. ஆனால் நாலு தெருவை ஒரு ரயில் இழுத்துக்கொண்டு போக முடியும் என்றால், எனக்குப் பூந்தமல்லி மேல் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வண்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. என் சின்னவன் கூட்டிப்போய் எல்.இ.டி. வால் வேலையைக் காட்டினான். வளைந்த பெரிய திரை. அதில் மலையும் வானமும். கேமரா இடப்பக்கம் நகர்ந்தால் திரையில் மலையும் அதற்குத் தக்கபடி நகர்கிறது. கேமரா எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு நொடிக்கு நொடி தெரியுமாம். திரையின் வெளிச்சமே நடிகர் முகத்தில் விழுகிறது, உன் வேலை பாதி போச்சு என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்குக் காலை முழுக்க ஷூட்டிங் நின்றது எதனால் தெரியுமா? திரையில் தெரிந்தது செம்மண் பூமி. நடிகர் நின்ற தரையில் கொட்டியிருந்தது ஆற்று மணலும் காவிப்பொடியும். ரெண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு, கத்தியால் கீறினமாதிரி. பையன்கள் திரையின் நிறத்தை மாற்றிப் பார்த்தார்கள், வானம் ஆரஞ்சு ஆனது. நான் சும்மா இருக்க முடியாமல் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். மண்ணை நனைத்து, திரைக்குப் பக்கம் வரவர ஈரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கோடு முக்கால்வாசி மறைந்தது. அடுத்த ஷெட்யூலுக்கும் வரச்சொல்லி இருக்கிறார்கள். பேட்டா உண்டாம், நம்பலாம் என்கிறான் சின்னவன்.

முக்கால்வாசி போதாது மச்சான். உன் தோட்டத்துச் செம்மண்ணில் ரெண்டு மூட்டை, கல் இல்லாமல் சலித்து, ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடு. வெயிலில் காயவைக்காதே, நிறம் வெளுத்துவிடும். லக்கேஜ் கூலியை நான் இங்கே கொடுத்துக்கொள்கிறேன்.

உன்,
செட்டுக்காரன்