ரப்பர் பால்வெட்டு நிற்கும் மாதங்களுக்கு நிவாரணம் கேட்டு மனு

அனுப்புநர்
தனியார் சிறு தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள்,
குலசேகரம், திற்பரப்பு, அருமனை பகுதிகள்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: மழையிலும் இலையுதிர் காலத்திலும் வேலையின்றி இருக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு நிவாரணத் தொகை கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, ஒரு ஆள் முந்நூறு மரம் வரை பட்டையைக் கீறிப் பால் வெட்டுவோம். வெட்டின மரத்துக்குத்தான் கூலி. வெட்டாத நாளுக்கு ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. பட்டை நனைந்திருந்தால் பால், அதைப் பிடிக்க மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டைக்கு வராமல் மரத்திலேயே பரவி வழிந்துவிடும்; சிரட்டையில் விழுந்த பாலும் மழைத் தண்ணீரோடு போகும். ஈரத்தில் கத்தி வைத்தால் வெட்டுப்பட்டை அழுகும் என்பதால் தோட்டக்காரரும் வெட்ட விடமாட்டார். பிளாஸ்டிக் மழைமறைப்பு ஒட்டிய தோட்டங்களில் கொஞ்சம் வேலை உண்டு. ரப்பர் விலை இறங்கும் வருடங்களில் சிறு தோட்டக்காரர்களால் அந்தச் செலவைத் தாங்க முடிவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு மழையையும் தாண்டி வந்தால் தை, மாசியில் இலை உதிரும். தளிர் முற்றும்வரை மறுபடியும் வெட்டு இல்லை.

இதில் ஜூன்தான் பெரிய கஷ்டம். பள்ளிக்கூடம் திறக்கும் அதே வாரங்களில் வேலை நிற்கும். நோட்டு, வேன் கட்டணம், மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை எல்லாம் சேர்ந்து வரும். கடந்த ஜூனில் எங்களில் ஒருவர் மனைவியின் கம்மலை அடகு வைத்துத்தான் மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார். பலர் தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். அப்புறம் வெட்டு தொடங்கியதும் அது கூலியில் பிடிபடும். அடுத்த மழைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நூறு நாள் வேலைக்குப் போகலாமே என்கிறார்கள். குலசேகரம், திற்பரப்பு, அருமனை, பொன்மனை எல்லாம் பேரூராட்சிகள்; அந்த வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகை, பதிந்துவிட்டு ஐந்து வருடம் வேலையே கிடைக்காதவர்களுக்கு. தொழிலாளர் நலவாரிய அட்டை சிலரிடம் இருக்கிறது. அதில் கல்வி, திருமணம், விபத்து உதவிகள் உண்டு. வேலையில்லாத மாதத்துக்கு எதுவும் இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. இரண்டும் நியாயமானவை. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. இதே முறை எங்களுக்கு வந்தால், வெட்டு நடக்கும் மாதங்களில் எங்கள் பங்கைக் கட்டத் தயாராக இருக்கிறோம்.

பிரச்சினை ஆதாரத்தில்தான் வரும் என்று எங்களுக்குத் தெரியும். 2017 ஒக்கி புயலில் மரங்கள் சாய்ந்தபோது நிவாரணம் மரக் கணக்கையும் பட்டாவையும் பார்த்து வந்தது. அந்த மரங்களில் பால் வெட்டிப் பிழைத்த எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தோட்டக்காரரிடம் வேலைச் சான்று கேட்டால், பின்னால் ஏதாவது பொறுப்பு வந்துவிடுமோ என்று தயங்குகிறார்.

ஆகவே, கிராம நிர்வாக அலுவலர்களும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து, வரும் ஜூனுக்கு முன் பால்வெட்டுத் தொழிலாளர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க உத்தரவிட வேண்டுகிறோம். தோட்டக்காரர் சான்று இல்லாதவர்களை நேரடி விசாரணையில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து, உப்பளத் தொழிலாளர்களுக்குத் தருவது போன்ற நிவாரணத்தை ஜூனிலும் மாசியிலும் இரு தவணையாக வழங்க அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

கணக்கெடுப்பு முகாமைப் பிற்பகலில் வைத்தால் எல்லோரும் வர முடியும். காலையில் பால் எடுத்து, அதை உறையவைத்து ரப்பர் ஷீட்டாக அடிக்கும் வேலை இருக்கும்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளர்கள்
இடம்: குலசேகரம்