நூறு டாலர் சி.டி.யும் உன் கொசுறுப் பாட்டும்

தாம்பரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலியோடு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கத்தில் பதில் போட்டால் திட்டுவாயே என்றுதான் ஞாயிறுவரை தள்ளிப்போட்டேன். மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

பரணில் கிடக்கும் கேசட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாய். "பாட்டெல்லாம் போனில் சும்மா கிடைக்கும்போது இந்தக் குப்பையை எவன் சீந்துவான்?" ஒரு வாரமாக அந்த வரிதான் உறுத்துகிறது. அதற்குப் பதில் சொல்ல ஓர் அமெரிக்க ராப் பாடகரைத் துணைக்கு அழைக்கிறேன், சிரிக்காதே.

பேர் நிப்ஸி ஹஸில். சின்னவன் போட்டுக் காட்டியது. மடமடவென்று கொட்டுகிற ராப் எனக்கு ஒத்துவராது, உனக்கே தெரியும். இந்த மனுஷன் அப்படி இல்லை. கனமான குரல், அவசரமே கிடையாது. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு அன்றைய வரவு செலவைச் சொல்கிற கடைக்காரர் மாதிரி இருக்கும். பாதி வார்த்தை எனக்குப் புரியாது. மீதியைப் பையன் சொல்லுவான்.

நிஜப் பேர் எர்மியாஸ் அஸ்கெடோம். அப்பா எரித்திரியாக்காரர். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பக்கம், கிரென்ஷா சாலையும் ஸ்லாசன் சாலையும் சந்திக்கிற வட்டாரம். அந்த முக்கில் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு தன் சி.டி.யைத் தானே விற்றிருக்கிறார். அப்புறம் ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனியில் ஒப்பந்தம் போட்டு, ஒத்துவராமல் 2010-ல் வெளியே வந்தவர்.

அவர் விற்ற சரக்குக்கு மிக்ஸ்டேப் என்று பேர். உனக்கு விளக்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்டு, பன்னிரண்டு வருஷம் கேட்டவர்களுக்குக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தாயே, அது இதன் ஒன்றுவிட்ட தம்பிதானே? அமெரிக்காவில் டி.ஜே.க்கள் பாட்டுகளைக் கோத்து கேசட்டாக விற்க ஆரம்பித்தது. பிறகு ராப் பாடகர்கள் அடுத்தவர் மெட்டின் மேல் தங்கள் வரிகளைப் பாடி, அனுமதி கினுமதி எதுவும் வாங்காமல், தெருவிலும் சின்னக் கடைகளிலும் விட்டார்கள். கம்பெனிகளே பாடகர் பேர் பரவட்டும் என்று கண்டும் காணாமல் இருந்தன. ஆனால் 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டி.ஜே. டிராமா என்பவருடைய ஸ்டுடியோவுக்குள் போலீஸ் புகுந்து ஆளைப் பிடித்து, எண்பதாயிரம் சி.டி.க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது. இதைப் படித்தபோது எனக்கு உன் கடைக்கு போலீஸ் வந்த சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. டெக்கைத் தூக்கிக்கொண்டு நீ பின்வாசல் வழியாக டீக்கடைக்குள் நுழைந்தாயே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2013 அக்டோபரில் நிப்ஸி 'கிரென்ஷா' என்று ஒரு மிக்ஸ்டேப் போட்டார். அதில் இடையிடையே குரல் கொடுப்பது அதே டி.ஜே. டிராமா. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கூடவே ஆயிரம் சி.டி. மட்டும் அடித்தார். ஒன்றின் விலை 100 டாலர்! அதே பாட்டுகள்தான் கணேசா. ஒரு நாளுக்குள் ஆயிரமும் காலி. லட்சம் டாலர். ஜே-ஸீ என்ற பெரிய ராப் பாடகர் மட்டும் 100 சி.டி. வாங்கினார். அது பெரிய இடத்து விஷயம், விடு. மிச்சம் 900-ஐ வாங்கினவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல், தெருவோரத்தில் கிடைக்கும் இறைச்சி சாண்ட்விச்சை நூறு டாலர் விலை வைத்து ஊர் முழுக்கப் பேசவைத்த கதையை வியாபாரப் புத்தகம் ஒன்றில் படித்ததில்தான் இந்த யோசனை வந்ததாம். அதனால் இதில் தந்திரமே இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த மிக்ஸ்டேப்புக்கு நூறே நூறு சி.டி., ஒவ்வொன்றும் 1,000 டாலர் என்றார். அது கொஞ்சம் ஓவர். ஆனால் முதல் தடவை நடந்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. பாட்டுக்கு அவர் விலையே வைக்கவில்லை. இல்லாதவன் சும்மா எடுத்துக்கொள்ளட்டும், கொடுக்கவேண்டும் என்று தோன்றுகிறவன் பெருமையோடு கொடுக்கட்டும், அவ்வளவுதான். ஏமாந்தவர் யாரும் இல்லையே.

அந்தப் பணம் போன இடமும் எனக்குப் பிடித்திருக்கிறது. சி.டி. விற்ற அதே முக்கில் நிப்ஸியும் அவர் அண்ணனும் 2017-ல் துணிக்கடை திறந்தார்கள். பின்னால் கூட்டாளிகளோடு சேர்ந்து அந்த வளாகத்தையே வாங்கினார்கள். 2019 மார்ச் 31 அன்று அந்தக் கடை வாசலிலேயே நிப்ஸியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது முப்பத்துமூன்று. இதைச் சொல்லும்போது பையன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உன் பரணுக்கு வா. என்னிடம் நீ பதிந்து கொடுத்த டி.டி.கே. தொண்ணூறு நிமிஷ கேசட் ஒன்று இன்னும் இருக்கிறது. அட்டையில் பச்சை மையில் உன் கோழிக்கிறுக்கல். நான் எழுதிக் கொடுத்த சீட்டில் பதினேழு பாட்டு. நீ பி பக்கக் கடைசியில் கேட்காமலே ஒரு பாட்டைக் கொசுறாகச் சேர்த்திருக்கிறாய். இரண்டாம் சரணத்தில் டேப் தீர்ந்துபோய் 'டக்'கென்று நிற்கும். அந்தப் பாட்டைப் போனில் முழுசாகக் கேட்கிறேன். ஆனாலும் அந்த இடம் வந்ததும் மனசு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறது. அந்த 'டக்' போனில் வராது.

எத்தனை பேருக்கு அப்படிப் பதிந்து கொடுத்திருப்பாய்? கூலி பாக்கி வைத்தவர்களின் கேசட்டைத் திருப்பிக் கொடுக்காமல் தனிப் பெட்டியில் வைத்திருந்தாயே, அது இருக்கிறதா? அதில் பேரெல்லாம் எழுதியிருக்கும். ஒன்றிரண்டு பேரையாவது கண்டுபிடிக்கலாம்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். அதுவரை இரும்புக் கடைக்காரனைப் படியேற விடாதே. மழை ஒழுகுகிற பக்கத்திலிருந்து பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தி வை. நீ ஏறாதே, யாராவது பையனை ஏற்று. எனக்கு ஒரு பத்து கேசட் வேண்டும். விலை நீயே சொல், நூறு டாலர் மட்டும் கேட்டுவிடாதே.

உன்,
சுப்பு