அப்பாவின் சீட்டை அனுப்புகிறேன், அக்கா

அக்கா,

போன வாரம் திதி முடிந்தது. நீ வரவில்லை, ட்யூட்டி என்றாய். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியபோது எழுதித் தந்த அந்த ரெஃபரல் சீட்டை, உன் ஆராய்ச்சிக் கட்டுரைக்காக நீ வருஷக்கணக்காகக் கேட்டதை, தந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்க எழுதுவது உனக்குப் பிடிக்காது, மன்னித்துக்கொள். ஆனால் நீயும் அப்பாவை நாலு பேர் முன்னால் வைக்கத்தானே கேட்கிறாய்?

அப்பா அடிபட்ட அன்றைக்குப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நீ நின்ற விதம் எனக்கு மறக்கவே இல்லை. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவள், அம்மாவைத் தாண்டிப் போய் என் கையிலிருந்த சீட்டை வாங்கினாய். ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்று நீல மையில் ஒரு வரி, கீழே பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்ப். நேரம் எழுதும் இடத்தில் ஒன்றுமில்லை. அங்கே விரலை வைத்து, “எத்தனை மணிக்கு அங்கேயிருந்து கிளம்பினீங்க?” என்று கேட்டாய். பதில் வருவதற்குள் திரும்பவும் கேட்டாய். அம்மா உன் தோளைப் பிடித்து இழுத்தாள். நீ திரும்பவில்லை. அப்பா உள்ளே இருந்தார், அக்கா.

அப்பாவை அனுப்பி வைத்தது எந்த ஆஸ்பத்திரி, யார் எழுதிய சீட்டு என்று இங்கே சொல்ல மாட்டேன். அங்கே அன்று ஸ்கேனும் இல்லை, மயக்க மருந்து டாக்டரும் இல்லை. அவ்வளவுதான்.

நீ அனுப்பிய கட்டுரைகளை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 2010-இல் வந்த க்ராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் அடிபட்டு வந்த 20,000 பேருக்கு மேல். ட்ரானெக்சாமிக் ஆசிட் என்கிற விலை குறைந்த ஊசி, அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தக்கசிவால் வரும் சாவு குறைகிறது. தாண்டிப் போட்டால் கெடுதலாகக்கூட ஆகலாம். அப்புறம் மும்பை, டெல்லி, கொல்கத்தா அரசு ஆஸ்பத்திரிகளில் 2013 முதல் 2015 வரை அடிபட்டு வந்த 16,000 பேரைப் பதிந்த டிட்கோ (TITCO) பதிவேடு. நேரம் எழுதாத ஆளைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவார்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தாய். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கைமாறி வருகிறவன் சீட்டில்தான் நேரம் இருக்காது, அவன்தான் ஏழை என்றும். செத்த பிறகு எண்ணிக்கையிலும் இல்லாமல் போகிறவர்கள். உன் விரல் ஏன் அங்கே நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. நெஞ்சை அடைத்துவிட்டது.

அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ப்ரமோஷனுக்குப் பேப்பர் வேண்டும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அந்தப் பட்டியலில் அப்பாவும் ஒன்றா?

2021 டிசம்பரில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் வந்தபோது, விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரம் ஒரு லட்சம் வரை அரசு செலவு என்று நான் சந்தோஷமாகப் போன் செய்தேன். “49-வது மணி நேரம்?” என்றாய். எரிச்சலாக இருந்தது. ஆனால் அப்படிக் கேட்க நம் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.

சரி, சீட்டை அனுப்புகிறேன். அப்பா பெயரும் ஊரும் எங்கேயும் வரக்கூடாது. அம்மாவின் சம்மதத்தை நான் வாங்கித் தர மாட்டேன். நீயே ஊருக்கு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவள் வேண்டாம் என்றால் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடு.

உன் தம்பி