வைட்டமின் டி: உணவுப் பட்டியலோடு அளவையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைட்டமின் டி குறைந்தவர்கள் முட்டை, பால், மீன், காளான் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்ற அறிவுரை நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. பட்டியல் சரியானதுதான், ஆனால் எதில் எவ்வளவு கிடைக்கும் என்று எவரும் எழுதுவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், உதகைப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமும் நாள்கணக்கில் மேகமூட்டத்தில் கிடக்கும் நீலகிரியில் அந்த அளவு தெரியாமல் உணவைத் திட்டமிட முடியாது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு, அதாவது 15 மைக்ரோகிராம் தேவை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் கூறியுள்ளது. (ஐதராபாத்தில் இயங்கும் அந்த நிறுவனம், 1918இல் நம் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தின் ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து, 1958இல்தான் அங்கு இடம்பெயர்ந்தது என்பது இம்மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது.)

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கோழிமுட்டையில் கிடைப்பது ஏறத்தாழ 40 அலகு. அதுவும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது; சத்துணவுக் கூடங்களில் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் தின்னும் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறைப்படி செறிவூட்டப்பட்ட, அதாவது வைட்டமின் சேர்க்கப்பட்ட, பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 அலகு இருக்கும் என்பதால், கால் லிட்டர் குடிப்பவருக்கு 75க்கு மேல் சேராது. செறிவூட்டிய சமையல் எண்ணெய் 20 கிராமில் சுமார் 90 முதல் 130 அலகு வரை கிடைக்கும். மூன்றையும் ஒரே நாளில் உண்டாலும் 250ஐ எட்டாது. தேவையில் பாதிகூட இல்லை. செறிவூட்டியதற்கு அடையாளமான, கூட்டல் குறியோடு ‘எஃப்’ என்ற எழுத்துள்ள நீல முத்திரை இல்லாத பாலையும், நல்லது என்று நம்பி நாம் விலை கொடுத்து வாங்கும் செக்கு எண்ணெயையும் பயன்படுத்தினால் இந்தக் கணக்கும் சுருங்கிவிடும். ராகியில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) மிகுதி என்பது உண்மை, ஆனால் அதை உடல் உறிஞ்சிக்கொள்ள உதவும் வைட்டமின் டி ராகியில் கிடையாது.

வெயில் பட்டால் தோலிலேயே வைட்டமின் டி உருவாகுமே, தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் துணியும், முழுக்கைச் சட்டையும், அதன்மேல் ஸ்வெட்டரும், இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளுமாக வேலை செய்கிறார்கள். வெயில் படுவதற்கு முகமும் கைவிரல்களும்தான் மிஞ்சுகின்றன. குளிருக்கு அஞ்சி கண்ணாடிச் சன்னல் அருகே அமர்ந்து வெயில் காயும் முதியவர்களுக்கு வெப்பம் கிடைக்குமே தவிர, தோலில் வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதா ‘பி’ கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

மத்தி போன்ற கொழுப்புள்ள கடல்மீன் நல்ல மூலம், ஆனால் மலையேறி வரும் மீன் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. மீதமிருப்பது நம் மாவட்டத்திலேயே விளையும் மொட்டுக்காளான். இருட்டுக் கொட்டகையில் வளர்வதால் கடையில் வாங்கும்போது அதில் வைட்டமின் டி இல்லை என்றே சொல்லலாம். அதே காளானைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, நறுக்கி, நண்பகல் வெயிலில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் பரப்பிவைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டியின் ஒரு வகையான டி2ஆக மாறி, 100 கிராமில் 400 அலகுவரையும் அதற்கு மேலும் சேரக்கூடும். டி2, விலங்குணவில் உள்ள டி3 என்ற வகையின் அளவுக்கு இரத்தத்தில் நீடிப்பதில்லை என்றாலும், சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் எண்ணெய் விட்டு வதக்கி உண்பது நல்லது. வானம் தெளிந்திருக்கும் தை, மாசி மாதங்களில் வெயிலில் உலர்த்திப் பத்திரப்படுத்தினால் மேகமூட்ட மாதங்களுக்கும் உதவும்.

இதைவிட்டு, அக்கம்பக்கத்தார் சொன்னார் என்று 60,000 அலகு மருந்துப் பொட்டலத்தை மருத்துவரைக் கேளாமல் வாரந்தோறும் விழுங்குவது ஆபத்து. இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும்.

ஆகவே, இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது உணவின் பெயரோடு அதன் அலகையும் அச்சிடுமாறு வேண்டுகிறேன். பொட்டலமிடுவதற்கு முன் காளானை வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ காட்டும் முறையைத் தோட்டக்கலைத் துறை நம் காளான் விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவ்வாறு பதப்படுத்திய காளானை மலைப்பகுதி அங்கன்வாடிகளுக்கு வாரம் ஒருமுறையேனும் வழங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கோத்தகிரி.