பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக்கு நன்றி

அன்புள்ள அண்ணாவுக்கும் அக்காவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

சிக்குக் கோலத் திரை போன வாரம் தறியிலிருந்து இறங்கியது. பார்க்க வருகிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடம் காஞ்சிபுரம். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் முறை சொல்லியே எழுதுகிறேன்.

அண்ணா, அம்மா வாசலில் போடும் கோலத்தைக் கணினியில் 240-க்கு 240 கட்டத்தில் வரைந்து கொண்டுவந்தேன். தறிக்கு மேலே இருந்து இழைகளைத் தூக்கி உருவம் விழவைக்கும் உங்கள் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கி. கணக்கு சரி என்று நினைத்துவிட்டேன். நீங்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வட்டம் முட்டையா நிக்கும்மா" என்றீர்கள். நான் நம்பவில்லை. மாதிரி நெய்தபோது முட்டைதான் நின்றது. நீளவாக்கில் ஓடும் பாவு அங்குலத்துக்கு 100 இழை, குறுக்கே ஓடும் ஊடை 80 இழை. கணினியின் கட்டம் சதுரம், தறியின் கட்டம் சதுரமில்லை. உயரத்தை 192 வரிசையாகக் குறைத்த பிறகுதான் கோலம் கோலமானது. வரிசைக்கு ஒன்றாக ஓட்டை அடித்து வைத்த 240 அட்டையும் வீண். அதற்காக நீங்கள் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பின்பக்கம் ஜரிகை கட்டில்லாமல் நீளமாக ஓடினால் எதிலாவது மாட்டி இழுக்கும் என்று, எங்கெங்கே கட்டு வைப்பதென்று கணினித் திரையில் விரல் வைத்துக் காட்டினீர்கள். அந்தப் புள்ளிகள் எல்லாம் உங்களுடையவை.

அக்கா, கரையைத் தனி ஊடையால் நெய்து உடலோடு கோத்துவிடும் கோர்வைக் கரைக்கு, ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடா மூன்று. ஒவ்வொரு ஊடைக்கும் ஓரத்து நாடாவைத் தள்ளிக் கொடுத்தது உங்கள் கை. நடுவில் எழுந்து உலையும் பார்த்தீர்கள். இதை 'உதவி' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் நெசவுதான்.

இரண்டு முறை அட்டை அடித்துக் கொடுத்த தம்பிக்கு நன்றி. ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லையென்றால் தூக்காது. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார் என்பவர் பொருத்திய இந்த ஏற்பாடும் என் கணினியும் ஒரே மொழிதான் பேசுகின்றன என்பதை அவர் பட்டறையில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். அப்புறம், புதுப் பாவின் நாலாயிரம் இழையையும் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைத்த பெரியம்மாவுக்கு நன்றி. ஓர் இழைகூட இடம் மாறவில்லை.

திருத்திய வரைபடத்தைப் பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். அது உங்களுக்குத்தான். புடவைக்குப் போட நினைத்தால் தாராளமாகப் போடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கோலத் தங்கை