ஊர்களின் வழக்கில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

இந்த மாதத்தோடு வக்கீல் தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் சின்னச் சின்ன டவுன்களுக்கு வக்கீலாக இருந்து, குவாரி, குப்பைக் கிடங்கு, ஏரிக்கரைக் கட்டடம் என்று நிலத்தையும் தண்ணீரையும் பற்றிய வழக்குகளைத்தான் பெரும்பாலும் நடத்தினேன். உதவிய பலருக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன். "அப்படி என்னதான் கேஸ் நடத்துறீங்க?" என்று விடாமல் கேட்ட நம் மக்களும் அவர்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஊரின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் டவுன் கிளார்க்குகளுக்கு. நிலத் திட்டங்களைப் பரிசீலிக்கும் ஊர்க் குழுவான பிளானிங் போர்டு ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தாலும் சரி, மறுத்தாலும் சரி, அதை எதிர்ப்பவர்கள் அந்த முடிவு கிளார்க் அலுவலகத்தில் பதிவான நாளிலிருந்து 30 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். தாளின் மூலையில் விழும் அந்தத் தேதி முத்திரைக்கு முன்னால் பக்கம் பக்கமாக நான் எழுதும் வாதம் ஒன்றுமே இல்லை. ஒரு வழக்கில், முடிவு எப்போது பதிவானது என்பதையே எதிர்த்தரப்பு கேள்வி கேட்டது. கிளார்க் அம்மா முத்திரை விழுந்த நகல், பதிவேட்டுப் பக்கம், தபால் ரசீது மூன்றையும் ஒரே உறையில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கெடு தாண்டிவிட்டதென்று வழக்கு தள்ளுபடியானது. பாராட்டு என்னவோ எனக்குத்தான் வந்தது!

அடுத்து, பிளானிங் போர்டு உறுப்பினர்கள். பகலெல்லாம் பள்ளிக்கூடத்திலோ பால் பண்ணையிலோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் வந்து உட்கார்ந்து, தலையணை மொத்தத்துக்கு இருக்கும் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் படித்தவர்கள் நீங்கள். மாநிலத்தின் 1975ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் மறு ஆய்வுச் சட்டம் உங்களிடம் கேட்பது இதுதான்: பாதிப்புகளைக் கண்டறிந்து ஊன்றிப் பாருங்கள், முடிவுக்கான காரணத்தை எழுதி வையுங்கள். இந்த மாதிரி வழக்கில் நீதிபதி ஊருக்கு வந்து கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். நீங்கள் சேர்த்து வைத்த கோப்புதான் அவர் கண்ணுக்குத் தெரியும் ஊர். அதில் காரணம் இருந்தால், தான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்போம் என்று நினைத்தாலும் அவர் உங்கள் முடிவில் கை வைப்பதில்லை.

அந்தக் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பொதுக் கூட்டத்தில் நூறு பேர் எழுந்து "குவாரி வேண்டாம்" என்று சொன்னாலும், அதை மட்டுமே காட்டி அனுமதி மறுத்தால் கோர்ட்டில் நிற்காது. கத்தியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அப்படி ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து வந்தாரே ஒரு பாட்டி, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நாடாவின் நுனியில் கனம் கட்டித் தன் கிணற்றுக்குள் இறக்கி, வாரா வாரம் நீர்மட்டத்தை அளந்து எழுதியிருந்தார். பக்கத்திலேயே, அந்த வாரம் மழை பெய்ததா, குவாரியில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடியதா என்ற குறிப்பு. பென்சில் எழுத்து, அங்கங்கே காபிக் கறை.

குவாரியை ஆழப்படுத்தக் கேட்ட கம்பெனியின் அறிக்கையோ, கிணறுகளுக்கும் குவாரிக்கும் நிலத்தடியில் தொடர்பே இல்லை என்றது. இங்கேதான் நம்மூர் நிலத்தடி நீர் நிபுணர் ஒருவர் வந்தார். அண்ணா, பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. அந்த நோட்டை இரண்டு ராத்திரியில் வரைபடமாக்கினீர்கள். பம்ப் ஓடிய வாரங்களில் கோடு இறங்குகிறது. குளிர்காலத்துக்குக் குவாரியை மூடியதும் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு மழை மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று போர்டுக்குப் புரியும்படி சொன்னீர்கள். அனுமதி மறுக்கப்பட்டது, கோர்ட்டிலும் அது நின்றது. தீர்ப்பில் நீதிபதி எடுத்துக்காட்டியது அந்தப் படத்தைத்தான்.

எனக்கு முன்னால் பாதை போட்டவர்களையும் சொல்ல வேண்டும். சுரங்க வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் மாநிலச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுப்பது டவுனின் அதிகாரம் என்று, கேரல் டவுனின் சரளைக்கல் வழக்கில் 1987ல் தீர்ப்பு வந்தது. சுமார் 14,000 பேர் வாழும் டிரைடன் டவுன், பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை 2011ல் தன் எல்லைக்குள் தடை செய்தபோது அதே வாதம்தான் கைகொடுத்தது. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று, ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் டவுன் பக்கம் தீர்ப்பளித்தது. டிரைடன் வழக்கில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு "ஊருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று மிரட்டிக்கொண்டு வந்த கடிதங்களுக்கு என் பதில் பாதியாகச் சுருங்கிவிட்டது.

எதிரே நின்ற வக்கீல்களில் சிலருக்கும் நன்றி. காலை முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, மதியம் விடுபட்ட பக்கத்தின் நகலை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். அப்புறம், கூட்டம் முடிந்து நடு ராத்திரியில் பனியில் கார் ஓட்டி வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மனைவிக்கு. திட்டிக்கொண்டேதான் திறந்தாள்.

நடந்துகொண்டிருக்கும் வழக்குகளின் கோப்புகள் எல்லாம் புது வக்கீலிடம் போய்விட்டன. பாட்டியின் நோட்டை மட்டும் கோர்ட்டிலிருந்து திரும்ப வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டேன். இன்னும் அளக்கிறாராம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பழைய டவுன் வக்கீல்