சர்வர் கண்காணிப்புச் சேவையில் குறைபாடு, மஞ்சள் பையைத் திருப்பித் தராமை குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் 'தங்கத் திட்ட' வாடிக்கையாளர்,
வரி ஆலோசகர், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர் அலுவலகம்.

நாள்: ஜூலை 28

ஐயா,

வணக்கம். இது என் ஆறாவது முறையீடு. முதல் ஐந்தும் புகார்களைப் பதியும் உங்கள் டிக்கெட் முறையில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டன. எது தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். தபாலை மூடுவதற்குப் பொத்தான் கிடையாது.

கடந்த ஏப்ரலில் ஆண்டுச் சந்தா 36,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 42,480 ரூபாய் கட்டினேன். ரசீது நகல் இணைத்திருக்கிறேன். உங்கள் விளம்பரத் தாளின் மூன்றாவது வரியில் ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியம், வெப்பநிலை, நினைவகம், மின்சாரம் ஆகியவற்றை 24 மணி நேரமும் கண்காணிப்பதாக அச்சடித்திருக்கிறீர்கள். நான் சந்தா கட்டியது அந்த வரியை நம்பித்தான்.

ஜூலை 9 காலையில் எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா, "சார், அந்தப் பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை, நடுவில் ஒன்று மட்டும் ஆரஞ்சாக மினுக்குகிறதே" என்றார். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். உங்கள் நிறுவனத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆரஞ்சு என்றால் ஒரு டிஸ்க் பழுது. உடனே உங்கள் கண்காணிப்புத் திரையான டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன், முழுப் பச்சை. உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். 34 நிமிடம் இசை கேட்டபின் ஒருவர் எடுத்தார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விளக்கு ஆரஞ்சாக இருக்கிறது என்றேன். "எங்கள் திரையில் பச்சையாகத்தான் இருக்கிறது" என்றார். நான் சர்வருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "அப்படியானால் ஒரு நல்ல கண் டாக்டரைப் பாருங்கள் சார்." பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு 58 வயது. இருபத்திரண்டு வருடங்களாக வியாபாரிகளின் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதிக்கொடுத்த கண் இது. பேச்சைப் பதிவு செய்வதாகத் தொடக்கத்திலேயே உங்கள் குரல் அறிவிக்கிறதே, அந்தப் பதிவை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். கெட்டுப்போன டிஸ்க்கைக்கூட மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

என் சர்வரின் மூன்று டிஸ்க்குகளும் ரெய்டு 5 என்ற முறையில் இணைந்தவை. அது என்ன என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூன்று டிஸ்க்கில் ஒன்று போனால் மற்ற இரண்டும் சுமையைத் தாங்கும். இரண்டாவதும் போனால் எல்லாம் போயிற்று. முதலாவது போனதும் மாற்றிவிட வேண்டும் என்பதற்காகத்தானே கண்காணிப்பு? ஒற்றைக் காலில் நிற்கிறவனைப் பார்த்து 'நிற்கிறார், நலம்' என்று எழுதிவைப்பதற்கு எதற்கு 42,480 ரூபாய்? 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அனுப்பினால் சர்வரிலிருந்து பதில் வருகிறது என்பது மட்டும்தான் உங்கள் பச்சையின் பொருள் என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

இதில் ஒன்றைக் குறிப்பிட மறந்துவிட்டேன். சென்ற நவம்பரில் உங்கள் கண்காணிப்பு மென்பொருளே பதிவுக் கோப்புகளை எழுதி எழுதி என் சி டிரைவை நிரப்பியது. அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். இரவு பேக்கப் ஓடும்போதெல்லாம் 'சிபியு 91 சதவீதம்' என்று எஸ்எம்எஸ் வரும். ஒரே இரவில் 47 வந்தன, என் மனைவி போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார். பேக்கப் ஓடினால் சிபியு ஏறத்தான் செய்யும், அதற்கு 47 முறை எழுப்பினீர்கள். டிஸ்க் செத்ததற்கு ஒரு முறைகூட எழுப்பவில்லை.

ஜூலை 18 காலை 11 மணிக்கு இரண்டாவது டிஸ்க்கும் போயிற்று. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. இந்தத் தேதிக்கு முன்னால் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்கள் கணக்காளரைக் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் மண்டிக்காரர்கள், விசைத்தறிக்காரர்கள், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வியாபாரிகள் என்று 38 பேரின் கணக்கு அதில் இருந்தது. என் இருபத்திரண்டு வருட உழைப்பும் ஒரு நொடியில் சாம்பலாயிற்று. ஞாயிறுதோறும் வெளி டிஸ்க்கில் எடுத்துவைக்கும் பேக்கப் 13ஆம் தேதி வரைக்கும் இருந்ததால் அதற்குப் பிந்தைய ஐந்து நாள் பதிவுகள்தான் போயின என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நாள்தான் எல்லா பில்லும் வந்து குவிந்த நாட்கள். என்னிடம் வேலை செய்யும் மூன்று பெண்கள் இரண்டு இரவு வீட்டுக்குப் போகாமல் மறுபடி அடித்தார்கள். அப்படியும் 11 பேருக்கு 22ஆம் தேதிதான் தாக்கல் செய்ய முடிந்தது. ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் 1,100 ரூபாய், அதற்கு மேல் வரிக்கு வட்டி. எல்லாம் என் கையிலிருந்து. தொகை சிறியது என்று உங்கள் ஆட்கள் சிரிக்கலாம். இரண்டு வாடிக்கையாளர்கள் கணக்கை வேறு இடத்துக்கு எடுத்துப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன தொகை போடுவது?

இனி கோவைப் பயணம். 18ஆம் தேதி மாலை உங்கள் உதவி எண்ணில் பேசியவர் (கண் டாக்டர் ஆள் அல்ல, இவர் மரியாதையாகவே பேசினார்) கெட்ட டிஸ்க்குகளை நேரில் கொண்டுவரும்படி சொன்னார். மறுநாள் விடியற்காலை இரண்டையும் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் வைத்து, பஸ்ஸில் கோவைவரை மடியில் பிள்ளையைப் போல் வைத்துக்கொண்டு வந்தேன். காந்திபுரத்தில் இறங்கி ஆட்டோவுக்கு 180 ரூபாய். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார். காலை பத்து மணி முதல் மூன்று மணிவரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டேன், கேன் தீர்ந்துவிட்டது என்றார்கள். மூன்று மணிக்கு ஓர் இளைஞர் வந்து, "ஹார்டுவேர் எங்கள் வேலை இல்லை சார், நாங்கள் பார்க்க மட்டும்தான் செய்வோம்" என்றார். ரிட்டர்ன் போட இன்னும் ஒரு நாள் இருக்கும்போது ஒரு முழுப் பகலை இதற்காகத் தொலைத்தேன்.

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மாதம் என் சர்வர் 99.98 சதவீதம் ஓடியிருப்பதாகக் காட்ட அவர் திரையை என் பக்கம் திருப்பினார். மவுஸ் தவறி வேறொரு பக்கம் திறந்தது. அதில் ஒரு வரைபடம். ஜூன் 21ஆம் தேதியிலிருந்து, முதலில் போன டிஸ்க்கில் பழுதான செக்டர்களின் (தகவல் பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை 8, 40, 112 என்று மாடிப்படி போல் ஏறிக்கொண்டே போய் ஜூலை 2இல் கோடு அறுந்து நின்றது. அதற்குக் கீழே: 'ரெய்டு பலவீனம், எச்சரிக்கை அனுப்பப்பட்டது, அதிகாலை 3:12'. யாருக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் என் அலுவலகத்தில் மென்பொருளை நிறுவிய உங்கள் டெக்னீஷியனின் மின்னஞ்சலுக்கு. சோதனைக்காகப் போட்ட முகவரியை யாரும் மாற்றவில்லை. அவர் வேலையை விட்டுப் போயே ஒரு வருடம் ஆகிறதாம்.

ஆகவே உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பதினாறு நாள் உங்கள் கணினிக்குத் தெரிந்திருந்தது. ஆளில்லாத வீட்டில் மணி அடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். பழைய கணினி ஒன்றில் ஜாபிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஒரே மாலையில் நிறுவிக் கொடுத்திருக்கிறான். புதிய சர்வரின் வெப்பநிலை, டிஸ்க் நிலை எல்லாம் தெரிகிறது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், போனில் உடனே செய்தி வந்தது. அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

நான் சண்டைக்காரன் இல்லை. முழுச் சந்தாவையும் திருப்பித் தாருங்கள். தாமதக் கட்டணம், வட்டி, புது டிஸ்க் விலை, பயணச் செலவு ஆகியவற்றுக்கான பில்களை இணைத்திருக்கிறேன், அவற்றையும் தாருங்கள். அந்தக் கண் டாக்டர் நபர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்ற வாடிக்கையாளர்களின் எச்சரிக்கைகளும் அதே பழைய முகவரிக்குப் போகின்றனவா என்று இன்றே பாருங்கள். இதை உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்.

15 நாளில் பதில் இல்லையென்றால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் வக்கீல் சொல்வார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு. சுயதொழில் செய்து பிழைக்கிறவருக்கு விலக்கு தந்திருக்கிறது. சட்டம் படிப்பது எனக்கு அன்றாட வேலை.

கடைசியாக, அந்தப் பை. கோபத்தில் வெளியேறியபோது காவலாளியிடம் விட்டுவந்துவிட்டேன். இரண்டு முறை போன் செய்தேன். பத்திரமாக இருப்பதாகவும், கொடுக்க மேலாளரின் கடிதம் வேண்டும் என்றும் சொல்கிறார். டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்பவர் 60,000 ரூபாய் கேட்கிறார், அதற்கும் டிஸ்க் கையில் இருக்க வேண்டும். அதில் 38 பேரின் கணக்கு இருக்கிறது. யாரும் திறந்து பார்க்காமல், பையோடும் துண்டோடும் கூரியரில் அனுப்பிவைக்கவும். கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் தங்கத் திட்ட வாடிக்கையாளர்